இன்னும் அரை மணி வெயில்

நேற்று வாங்கி வந்த புழுங்கல் அரிசியில் பாதிக்குப் பாதி நொய். மனைவி கடைக்காரரைத் திட்டிக்கொண்டே புடைத்தாள். நொய்யைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

பத்தாவது முடித்த கையோடு கள்ளக்குறிச்சி ரைஸ்மில் ஒன்றில் களத்து மேஸ்திரி ஆனேன். அவித்த நெல் வாடை அடிக்கும் பெரிய சிமெண்டுக் களம். பெண்கள் வெறுங்காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே நடப்பார்கள். செருப்பும் குடையும் மேஸ்திரிக்கு மட்டும். நெல் காய்ந்த பதம் பார்த்து அள்ளச் சொல்வது என் வேலை. எனக்கோ பதமும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. அந்தப் பெண்களில் ஒருவரான கருணாபுரத்து லூர்தக்கா இரண்டு நெல்லைக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். அந்தச் சத்தமே அவருக்குப் போதும். என்னைப் பார்த்துத் தலையாட்டுவார். உடனே நான் குரலை உயர்த்தி, "அள்ளுங்க!" என்பேன். பதினைந்து வருஷமாக அவர்தான் கடித்தார், மேஸ்திரிகள்தான் மாறினோம். பெண்ணை மேஸ்திரியாகப் போடலாமென்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

ஒருநாள் முதலாளி வந்து களத்தோரம் நின்றார். லூர்தக்கா என் அருகில் வந்து மெதுவாக, "பதம் வந்துடுச்சிங்க மேஸ்திரி, அள்ளிடலாம்" என்றார்.

முதலாளி பார்க்கும்போது அவர் சொல்லி நான் கேட்பதா? "இன்னும் அரை மணி வெயில் காயட்டும்" என்றேன், பெரிய இவன் மாதிரி.

"ஜாஸ்தி காஞ்சா உடைஞ்சிடுங்க."

காதில் வாங்கவில்லை.

மறுநாள் அரைத்தபோது நொய்யாகக் கொட்டியது. "எவன்டா பதம் பாத்தது?" என்று முதலாளி கத்தினார்.

"லூர்தக்காதாங்க கடிச்சிப் பாத்துச்சி" என்றேன். மற்ற நாளெல்லாம் மறைத்த உண்மையை, அது பொய்யாகிப்போன ஒரே நாளில் சொன்னேன்.

முதலாளி லூர்தக்காவைக் கூப்பிட்டு, "நாளையிலேர்ந்து நீ வராத" என்றார். அந்தக் கூலியில்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தார் லூர்தக்கா. என்னை ஒரு தடவை பார்த்தார். "சரிங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வேலை இருந்தது.

பல வருஷம் கழித்து பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். "நல்லா கீறீங்களா மேஸ்திரி?" என்றார். நான் தடுமாறுவதைப் பார்த்து அவரே சொன்னார்: "அன்னிக்கு வெயிலும் கொஞ்சம் ஜாஸ்திதாங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பஸ் வந்துவிட்டது என்று ஏறிக்கொண்டேன்.

இப்போது நெல்லை மெஷினே காயவைத்துவிடுகிறது. களத்தில் லாரிகள் நிற்கின்றன. களத்து மேஸ்திரி என்றொரு வேலையே இல்லை. முதலாளி போய்ச் சேர்ந்தார், லூர்தக்காவும் போய்விட்டார். அரை மணி வெயில் கேட்டவன் நான்தான் என்று சொல்ல இன்று எனக்குத் தைரியம் இருக்கிறது. கேட்க வேண்டியவர்கள்தான் ஒருவர்கூட மிச்சமில்லை.