சேணம் காயலையே...

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை. என் மேஜைக்குப் பக்கத்தில், பாயில் உட்கார்ந்திருந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் வாயில் ஒரு குதிரை இருந்தது.

பிளாஸ்டிக் குதிரை இல்லை, உலோகம். ஆள்காட்டி விரல் உயரம்தான் இருக்கும். ஒரு காலத்தில் சென்னைப் பட்டணத்தை நடுங்க வைத்த மைசூர்க் குதிரைப்படையின் குதிரை. வாரக்கணக்கில் நான் உட்கார்ந்து பெயின்ட் அடித்து, காயட்டும் என்று மேஜை ஓரத்தில் வைத்தது. அதன் தலை குழந்தையின் வாய்க்குள் இருந்தது. சேணத்தை அவளுடைய ஐந்து விரல்களும் இறுக்கிப் பிடித்திருந்தன.

நீங்களாக இருந்தால் என்ன கத்தியிருப்பீர்கள்? "ஐயோ, குழந்தை" என்றுதானே?

நான் கத்தியது இது: "ஐயோ, சேணம் இன்னும் காயலையே!"

சரி, கத்தியதோடு விட்டேனா... முதலில் குதிரையைப் பிடுங்கினேன். டேபிள் லேம்புக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சிவப்பு இழுபட்டிருக்கிறது, தங்கக் கரை தப்பிவிட்டது. நிம்மதியாக ஒரு மூச்சு விட்டுத் திரும்பினால் — குழந்தையின் அம்மா அங்கே நின்றுகொண்டிருந்தாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்து, வாய்க்குள் விரலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். நான் கத்தியதைக் கேட்டிருந்தாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் குதிரைப் பைத்தியம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். துறைமுகத்துப் பக்கம் ஷிப்பிங் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதற்குப் பிறகு பிடித்துக்கொண்ட வியாதி இது. பழைய காலக் குதிரை வீரர்களின் குட்டி உலோக உருவங்களைத் தேடி வாங்க வேண்டும். அரம் போட்டுத் தேய்க்க வேண்டும். எந்தப் படைக்கு எந்த நிறத் தலைப்பாகை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் மெல்லிசு பிரஷ்ஷால் வர்ணம். டோல்கேட் பக்கம் வீடு என்பதால் நாள் முழுக்கக் கன்டெய்னர் லாரி; ஜன்னலைத் திறந்தால் ஈர பெயின்டில் புழுதி அப்பிக்கொள்ளும். அதனால் ஜன்னலை மூடிய ஓர் அறையில் நானும் என் படையும் குடித்தனம் நடத்துகிறோம்.

குழந்தையின் பெயர் நூரி. அவள் அம்மா சபீரா, எனக்குக் கீழ் வீடு. வண்ணாரப்பேட்டையில் ஒரு தையல் யூனிட்டில் துணி வெட்டும் வேலை. காலையில் நூரியை என்னிடம் விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவுக்கு ஓடுவாள். மதியம் வந்து தூக்கிக்கொண்டு போவாள். கிட்டத்தட்ட ஒரு வருஷமாக இதுதான் ஏற்பாடு. நான் இல்லையென்றால் அவளால் வேலைக்குப் போக முடியாது. நூரி இல்லையென்றால் என் வீட்டில் பேச்சுச் சத்தமே கிடையாது. அன்றைக்கு யூனிட்டில் கரண்ட் இல்லை என்று சீக்கிரமே வந்துவிட்டாள்.

"இன்னாக்கா இது, பெயின்ட்டா? உள்ள போயிருந்தா எதுனா ஆவுமா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் ஆகாது சபீரா. தண்ணியில கரையிற பெயின்ட்தான்."

பெயின்டைப் பற்றி நான் சொன்னது சத்தியமான உண்மை. பெயின்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அடியில் இருந்தது காரீயம். இப்போது வருகிற உருவங்களில் அநேகமாக அது கிடையாது. ஆனால் இது பழைய வார்ப்பு, பெங்களூர்க்காரர் ஒருவரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது. அரம் போடும்போது மாஸ்க் மாட்டிக்கொள்கிறேன். முடித்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். காரீயம் குழந்தைகளுக்கு ஆகவே ஆகாது என்பது எனக்குத் தெரியாதா என்ன? அந்த ஜாக்கிரதையெல்லாம் எனக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

ஏன் மறைத்தேன்? சொன்னால் நூரியை இனி விடமாட்டாளோ என்ற பயம். குதிரைகளையெல்லாம் தூக்கிப்போடச் சொல்வாளோ என்ற பயமும்தான். எது பெரியது என்று கேட்காதீர்கள்.

சபீரா குழந்தையோடு இறங்கிப் போனாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? குதிரையை போட்டோ எடுத்தேன். என்னைப் போன்ற பைத்தியங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. அதில் போட்டேன்: "குழந்தை வாயில் வைத்துவிட்டது. சேணத்தில் விரல் பதிந்துவிட்டது. எப்படிச் சரிசெய்வது?"

பதில்கள் மடமடவென்று வந்தன. நன்றாகக் காயவிட்டு நைஸ் உப்புத்தாள் போடுங்கள் என்றார் ஒருவர். சிவப்புக்கு மேல் மெலிதாக பிரவுன் ஓட்டுங்கள் என்றார் இன்னொருவர். அடடா, எவ்வளவு உழைப்பு என்று ஓர் அம்மா கண்ணீர் விட்டார். குழந்தை எப்படி இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவர்களைச் சொல்லி என்ன... நான் கேட்ட கேள்விக்குத்தானே பதில் வரும்?

எல்லாவற்றுக்கும் கடைசியாக ஒரு கோயம்புத்தூர்க்காரர் கேட்டார். "மேடம், இடது பக்கக் கடிவாள வார் எங்கே?"

அவருக்கும் குதிரையைப் பற்றித்தான் கவலை. ஆனால் நான் குதிரையை மறுபடியும் லேம்புக்குக் கீழே பிடித்தேன், இந்த முறை சேணத்தைப் பார்ப்பதற்காக இல்லை.

கடிவாள வார் உருவத்தோடு சேர்ந்து வராது. மெல்லிய தகட்டை நூல் மாதிரி நறுக்கி நாம்தான் ஒட்ட வேண்டும். காகிதத்திலும் செய்யலாம். காரீயத் தகடுதான் அசல் தோல் வார் மாதிரி அழகாக வளைந்து தொங்கும் என்று நான் அதில் செய்திருந்தேன். வலது பக்கம் இருந்தது. இடது பக்கம் இல்லை. பாயை உதறினேன். லென்ஸை வைத்துக்கொண்டு தரையில் தவழ்ந்து தேடினேன். கிடைக்கவில்லை.

மாடிப்படி இறங்குவதற்கு அவ்வளவு நேரம் ஆனது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான். பாதிப் படியில் நின்று, திரும்பிப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். அதையும் எழுதித்தானே ஆக வேண்டும்.

சபீரா நூரிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"சபீரா, அந்தக் குதிரையில ஒரு சின்னத் தகடு காணோம். நூரி முழுங்கியிருப்பாளோன்னு பயமா இருக்கு. அது காரீயம். குழந்தைங்களுக்கு ஆகாது."

அவள் கை பாதியில் நின்றது. "காத்தால கேட்டனே, ஒன்னியும் ஆவாதுன்னு சொன்னீங்களே. அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"தகடு போனது தெரியாது. காரீயம்னு தெரியும்."

அவள் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. குழந்தையின் வாயைத் துடைத்தாள், துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டாள். "ஆட்டோவ கூப்புடுங்க" என்றாள், அவ்வளவுதான்.

டோல்கேட்டில் வழக்கம்போல லாரிகள் நகராமல் நின்றன. ஆட்டோவிலிருந்து தலையை நீட்டி சபீரா ஒவ்வொரு டிரைவரிடமும் கெஞ்சினாள். "அண்ணே, கொஞ்சம் ஒதுக்கி வுடுங்கண்ணே, கொயந்தைய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறோம்." நூரி என் மடியில் ஏறி என் வளையலை உருட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு என் மேல் கோபம் இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

எக்ஸ்ரேயில் வயிற்றுக்குள் தலைமுடி மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. டாக்டரம்மா நிதானமானவர். "இறங்கிப் போயிட்டிருக்கு, தானா வெளியே வந்துடும். வரலைன்னா உடனே கூட்டிட்டு வாங்க. ரத்தத்தையும் டெஸ்ட் பண்ணிடுவோம்" என்றார். பிறகு பேனாவைத் திறந்துகொண்டே கேட்டார். "இதுக்கு முன்னாடியும் இந்த மாதிரி எதையாவது வாயில வெச்சிருக்காளா?"

சபீரா என்னைக் காட்டினாள். "அக்காவதான் கேக்கணும். காத்தால பூரா அக்காகிட்டதான் கீறா."



குதிரையின் சேணத்தில் எத்தனை குஞ்சம் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பக்கத்துப் பாயில் அத்தனை மாதமாக ஒரு குழந்தை எதை எடுத்தாள், எங்கே வைத்தாள் என்று கேட்டால்... முகம் பார்த்தா உட்கார்ந்திருந்தேன்? அவளுக்கு ஒரு கிலுகிலுப்பையைக் கொடுத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு குதிரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. பெயின்ட் அடிப்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பிரஷ் முனை கூராக நிற்பதற்காக அடிக்கடி உதட்டில் வைத்து இழுப்போம். வேண்டாம் என்று எல்லோரும் சொல்வார்கள், எல்லோரும் செய்வார்கள். தினமும் காலை முழுக்க நான் அதைச் செய்வதை நூரி பார்த்திருக்கிறாள். கையில் இருப்பதை வாயில் வைக்க வேண்டும் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்தான்.

"தெரியலை டாக்டர்" என்றேன். அந்த அறையில் அதைவிடக் கேவலமான பதில் இருக்க முடியாது.

தகடு இரண்டாம் நாள் வெளியே வந்துவிட்டது. ரத்தப் பரிசோதனையிலும் பயப்படும்படி எதுவும் இல்லை. சபீரா மேலே வந்து சொன்னாள். ஆனால் வாசலுக்கு வெளியே நின்று சொன்னாள். வேலைக்கு லீவு போட்டிருந்தாள். எத்தனை நாளைக்குப் பொறுப்பார்களோ என்று அவள் போனில் யாரிடமோ சொன்னது படி வழியாகக் கேட்டது. நூரியின் சிரிப்பும் கீழேயிருந்துதான் கேட்டது.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, எனக்குக் குறுகுறுக்கவில்லை, குடைந்தது. மறுநாள் போய், "பொய் சொன்னதுக்கு மன்னிச்சிடும்மா" என்றேன்.

"பொய்ய வுடுக்கா. பயத்துல அல்லாரும் சொல்றதுதான்" என்றாள் சபீரா. "ஆனா நீங்க கத்துனீங்களே... அத்ததான் மறக்க முடியல."

யோசித்துச் சொன்ன வார்த்தைக்குச் சமாதானம் சொல்லலாம். யோசிக்காமல் வந்துவிட்ட வார்த்தைக்கு என்ன சொல்ல? மனசு எங்கே குடியிருந்ததோ அங்கிருந்துதானே அது வந்திருக்கும்.

எல்லாக் குதிரைகளையும் மூட்டை கட்டிக் கடலில் வீசிவிட்டேன் என்று எழுதினால் இந்தப் பத்தி அழகாக முடிந்துவிடும். வீசவில்லை. வீச மனம் வரவில்லை. அந்த மைசூர்க் குதிரையை மட்டும் ஒரு டப்பாவில் போட்டு, டேப் ஒட்டி, பரண் மேல் வைத்தேன். மற்றதெல்லாம் அலமாரியில் அப்படியே நிற்கிறது. இதைச் சொல்லவும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

இந்தத் திங்கட்கிழமை காலை கதவு தட்டும் சத்தம். இடுப்பில் நூரி, தோளில் பையோடு சபீரா. குழந்தையை என்னிடம் கொடுக்கவில்லை. நேராக என் பெயின்ட் அறைக்குப் போனாள். அலமாரியை மேலிருந்து கீழ் வரை ஒரு பார்வை பார்த்தாள். வெளியே வந்து, கதவைச் சாத்திப் பூட்டி, சாவியை எடுத்துத் தன் கொத்தில் கோத்துக்கொண்டாள்.

"மதியானம் வந்து நூரிய தூக்கிகினு போவேன்ல, அப்ப தரேன். அதுக்கப்புறம் குதிரைய எவ்ளோ நேரம் வேணா பாருங்க. அதுவரிக்கும் இவள மட்டும் பாருங்க."

குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள்.  

பார்த்தேன். காலை முழுக்க வேறு வேலை இல்லை. அவளைக் குளிப்பாட்டித் தலை துவட்டும்போதுதான் கவனித்தேன், நூரிக்கு இடது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருக்கிறது.

நான் வரைகிற குதிரைக் கண்ணைவிடப் பெரிய மச்சம்.