என் பெயரில் திறந்த மடிக்கணினி

போர்க்காலத்தில், தமிழில் தட்டெழுத உதவும் ஒரு கட்டற்ற மென்பொருளை நாங்கள் சிலர் ஓய்வு நேரத்தில் உருவாக்கிக்கொண்டிருந்தோம். புதிதாகச் சேருகிறவர்கள் தங்கள் கணினியைத் தயார்செய்ய ஒரு வழிகாட்டி தேவைப்பட்டது. நான்தான் முந்திக்கொண்டு எழுதினேன். எழுதினேன் என்ன, என் கணினியில் அடித்த கட்டளைகளை அப்படியே ஒட்டி அனுப்பிவிட்டேன்.

மாளிகாவத்தையிலிருந்து பரீனா என்ற மாணவி சேர்ந்தாள். ஒரு சனிக்கிழமை எங்களைச் சந்திக்க வெள்ளவத்தைக்கு வந்தவளைப் வழியில் பாமன்கடைச் சோதனைச் சாவடியில் படையினர் மறித்துவிட்டார்கள். மடிக்கணினியைத் திறந்தால் திரையில் என் பெயர். அடையாள அட்டையிலோ அவள் பெயர். இது யாருடைய கணினி என்று கேட்டு, எனக்குப் போன் எடுக்க வைத்தார்கள்.

பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று எழுதிய அட்டையோடு போய் நின்றேன். சந்தேகப்பட அவர்களுக்கு அந்த ஊர்ப் பெயரே போதும்.

"ஏன் என்ர பேரைப் போட்டனீங்கள்?"

"நீங்க எழுதினபடிதானே செஞ்சேன், அண்ணா." அழுதுவிடுவாள் போலிருந்தது.

வழிகாட்டியைத் திறந்து பார்த்தேன். கட்டளைக்குக் கட்டளை என் பெயர். கணினியில் அந்தப் பெயரில் பயனர் கணக்கு இருந்தால்தான் எதுவும் வேலை செய்யும் என்பதால், அவளும் என் பெயரிலேயே திறந்திருக்கிறாள். அதிகாரியிடம் திரையைக் காட்டி, தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன்.

"அப்படியென்றால் பிழை உன்னுடையதா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஓவ் சேர், மகே" என்றேன். ஆமாம், என்னுடையதுதான்.

அவர் சிரித்துவிட்டு இருவரையும் போகச் சொன்னார்.

என் பெயரை அழித்து, அங்கே 'உங்கள் பெயர்' என்று எழுதியதுதான் பரீனா எங்களுக்குச் செய்து தந்த முதல் திருத்தம்.

அந்த வருடங்களில் ஒரு பிழையும் செய்யாமல் எத்தனையோ சாவடிகளில் நடுங்கி நின்றிருக்கிறேன். பிழையை ஒப்புக்கொண்டு நிம்மதியாக வீடு வந்தது அன்று மட்டும்தான்.