வெளியே தெரியாத அடி

ஜிம்மில் எல்லாவற்றுக்கும் ஒரே வினைச்சொல்தான். செஸ்ட் அடி, தண்டால் அடி, இன்னும் ஒரு செட் அடி. உண்மையில் யாரும் யாரையும் அடிப்பதில்லை. இரும்பைத் தூக்கி இறக்குகிறோம், அவ்வளவுதான். ஆனால் விடியற்காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து என் குரலைக் கேட்பவர்களுக்கு உள்ளே கொலை நடக்கிறது என்றுதான் தோன்றும். செங்கல்பட்டில் ஒரு மாடி ஜிம்மில் இருந்தபோது, கீழே மருந்துக்கடை வைத்திருந்தவர் இதற்காகவே மேலே ஏறி வந்து சண்டை போட்டார். நானும் பதிலுக்குப் போட்டேன்.

எனக்குக் கை முந்தும், புத்தி பிந்தும். பள்ளிக்கூடத்தில் ஒருவன் பல்லை உடைத்தேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டரின் சட்டையைப் பிடித்து, அரை நாள் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்தேன். கோபத்துக்கு ஒரு வேலை கொடுத்தால் அடங்கும் என்று பாக்சிங் பழகினேன். கோபம் அடங்கவில்லை, குறி மட்டும் தப்பாமல் விழ ஆரம்பித்தது. கடைசியில் அதுவே பிழைப்பானது. ஜிம்மை விட்டு, வீடு வீடாகப் போய் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பர்சனல் டிரெய்னர் ஆனேன். நான் இருப்பது திருக்கழுக்குன்றம். பைக்கை எடுத்தால் மாமல்லபுரம் கடலோர வீடுகளுக்கு அரை மணிகூட ஆகாது.

அப்படி ஒரு வீட்டில் மனை வியாபாரம் செய்யும் ஒருவருக்கு வாரத்தில் ஐந்து நாள் பயிற்சி. நாற்பது வயது, முன்னால் தள்ளிய தொப்பை, டாக்டர் பயமுறுத்தி அனுப்பிய உடம்பு. ஓடச் சொன்னால் முகம் சுளிப்பார், குனியச் சொன்னால் போன் வந்துவிடும். ஒரு நாள் அவர் கையில் கிளவுஸை மாட்டிவிட்டு, குத்தை வாங்கும் தோல் பேடை என் கையில் பிடித்து, குத்துங்கள் என்றேன். மனுஷன் ஆளே மாறிவிட்டார். மூன்றே மாதத்தில் தொப்பை பாதி கரைந்தது. பழகியது கார் நிறுத்தும் ஷெட்டில், பக்கத்திலேயே சமையலறை ஜன்னல். காலை ஆறு மணிக்கு நான் கத்துவேன்: அடி சார், இன்னும் அடி, விடாத அடி. பயிற்சிக்கு முன் அவர் மனைவி ஜன்னல் வழியாக எனக்கு ஒரு டம்ளர் மோர் நீட்டுவார். அதிகம் பேசமாட்டார்.

நல்ல சீடன் கிடைத்துவிட்டால் வாத்தியாருக்கு வாய் நீளும். ஒரு நாள் பெருமைக்காக ஈரல் அடியைக் காட்டினேன். இடது கையை வளைத்து, எதிராளியின் வலது விலாவுக்குக் கீழே கொடுப்பது. முகத்தில் குத்தினால் ரத்தம் வரும், வீங்கும், ஊருக்கே தெரியும். இங்கே விழுந்தால் மூச்சு நின்றுவிடும், ஆனால் வெளியே ஒன்றும் தெரியாது, சட்டை போட்டால் முடிந்தது கதை என்றேன். அதை ஏதோ வேடிக்கை போலச் சொன்னேன். அவர் சிரித்தார். அதைத் தடுக்கும் வழியையும் கூடவே சொன்னேன். வலது முழங்கையை விலாவோடு ஒட்டி வைக்க வேண்டும், முழங்கையை எடுத்தால் செத்தாய் என்றேன். அவருக்குத் தடுப்பதில் ஆசை இல்லை. அந்த ஒரு குத்தையே வாரக்கணக்கில் கேட்டுக் கேட்டுப் பழகினார். நானும் பேடைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு அடி, அடி என்றேன்.

பிறகு ஒரு நாள் அவர் ஷெட்டுக்கு வெளியே நின்று போனில் யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தார். மனைவி மோர் டம்ளரை நீட்டினார், இடது கையால். இடது கையால் எதையும் கொடுக்கும் ஆள் இல்லை அவர். பார்த்தேன். வலது முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது. நான் சொல்லிக்கொடுத்த இடம், நான் சொல்லிக்கொடுத்த நிலை. ஒரு கோணல் இல்லை.

கையில் என்னம்மா என்று கேட்டேன். சுளுக்கு என்றார். இது சுளுக்கு இல்லையே என்றேன். அவர் வெளியே ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"நீங்கதான சொன்னீங்க மாஸ்டர், முழங்கைய எடுத்தா செத்தேன்னு. ஜன்னல்ல கேட்டுகினுதான் இருந்தேன்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முதலில் அவன் மேல்தான். என் மேல் வர வேண்டிய கோபத்தையும் சேர்த்து அவன் மேலேயே ஏற்றினேன் என்பது இப்போது புரிகிறது. அப்போது தோன்றியதெல்லாம் ஒன்றுதான்: இவன் விழ வேண்டும், இந்தம்மா பார்க்க விழ வேண்டும்.

அவன் போனை வைத்துவிட்டு வந்தான். இன்றைக்குப் பேடு வேண்டாம், நேருக்கு நேர் பழகலாம் என்றேன். சந்தோஷமாகக் கையை உயர்த்தினான். முகத்தில் இரண்டு பொய்க்குத்து காட்டினேன். முகத்தைக் காக்க அவன் முழங்கை மேலே போனது. இடது கையை வளைத்து, இடுப்பில் இருந்த பலம் முழுக்கச் சேர்த்து ஈரலில் இறக்கினேன். ஒரு விநாடி அவனுக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பிறகு கால்கள் மடங்கி, சிமெண்ட் தரையில் முகம் உரச விழுந்து, காரின் டயரைக் கட்டிக்கொண்டு வாந்தி எடுத்தான். பொய் சொல்லமாட்டேன், எனக்கு இனித்தது. குனிந்து, எழுந்தால் இன்னொன்று விழும் என்று அவன் காதில் சொன்னேன்.

நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தேன். அந்தம்மா முகத்தில் நன்றி இருக்கும் என்று நினைத்தேன், அதுதான் நிஜம். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவன் எழுகிறானா என்றே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க பைக்க எடுத்துகினு போயிடுவீங்க. இந்த அடியும் சேத்து எனக்குத்தான் வுழும்."

அடித்த கை அப்போதுதான் கனத்தது. இத்தனை வருஷம் சண்டை போட்டும், நான் அடித்த அடிக்கு வேறு யார் அடி வாங்குவார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அம்மா வீடு எங்கே என்று கேட்டேன். கூடுவாஞ்சேரி என்றார். இப்பவே கிளம்புங்கள், இவன் எழுந்திரிக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் உள்ளே போய்ப் பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. அவன் இரண்டு தடவை தலையைத் தூக்கினான். நான் அடிக்கவில்லை, எதிரே உட்கார்ந்தே இருந்தேன். அவனும் எழுந்திரிக்கவில்லை. கையில் ஒரு பையோடு அவர் கேட்டைத் தாண்டிப் போன பிறகுதான் நான் எழுந்தேன். கிளவுஸும் பேடும் அங்கேயே கிடந்தன.

பைக்கில் அவரைப் பிடித்தபோது பஸ் ஸ்டாப்புக்குக் கொஞ்ச தூரம் இருந்தது. செங்கல்பட்டில் ரயில் ஏற்றிவிடுகிறேன், உட்காருங்கள் என்றேன். வேண்டாம், பஸ்ஸிலேயே போகிறேன் என்றார். பைக்கைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். இனி அவன் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்றேன். அந்தக் குத்தை இனி யாருக்கும் சொல்லித்தரமாட்டேன் என்றேன். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

பஸ் வருவது தெரிந்தது. பை கனமாக இருந்தது, அதையும் இடது கையிலேயே தொங்கவிட்டிருந்தார். ஏற்றிவிடலாம் என்று ஓரடி முன்னால் வந்து கையை நீட்டினேன். அவர் சட்டென்று பின்வாங்கினார். வலது முழங்கை விலாவோடு போய் ஒட்டிக்கொண்டது.

நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். பையை அவரே தூக்கிக்கொண்டு ஏறினார்.