ஆளில்லாச் சாலையில் சிவப்பு விளக்கு

ஐம்பத்தாறு வயது பஸ் ஓட்டுநர் மாரத்தான் ஓடப்போகிறார் என்றதும் பணிமனையே சிரித்தது. "உக்காந்தே பொழப்ப ஓட்டினவருக்கு எதுக்குண்ணே இந்த விபரீதம்?" என்றார் அவருடைய நடத்துனர். ஆனாலும் சிறுநீரக நோயாளிகளுக்கு நிதி திரட்டும் அந்த ஓட்டத்துக்கு முதல் ஆளாக நன்கொடை எழுதியதும் அந்த நடத்துனர்தான்.

ஓட்டுநரின் மனைவியை அந்த நோய்தான் கொண்டுபோனது. மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்து இவர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அன்றிலிருந்து மகள் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசுவதில்லை.

"அம்மாவுக்காக ஓடறேம்மா. முடியற இடத்துல வந்து நில்லு" என்று ஆறு மாதம் கெஞ்சினார்.

"ஒரு மணி வரைக்கும் நிப்பேன்" என்றாள் கடைசியில். ஓட்டத்துக்காக அடைத்த சாலையை ஒரு மணிக்கு வண்டிகளுக்குத் திறந்துவிடுவார்கள்.

பாதித் தூரம் கூட்டத்தோடு கூட்டமாக நன்றாகத்தான் ஓடினார். கூட்டம் கரைந்து தனியாளானதும் சிவப்பு விளக்கு கண்ணில் பட்டது. தடுப்பு போட்டு அடைத்த சாலை, ஒரு வண்டி இல்லை. முப்பது வருடம் பிரேக்கை மிதித்த கால், தானாக நின்றது. பச்சை விழுந்த பிறகுதான் நகர்ந்தது.

"பெரியவரே, போங்க! உங்களுக்கு ஏது சிக்னல்?" போக்குவரத்துக் காவலர் கத்தினார்.

"தெரியுது சார். கால் கேக்க மாட்டேங்குது."

அடுத்த சந்திப்பில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஓடினார். தடுப்பில் மோதி விழுந்ததுதான் மிச்சம். நின்று நின்று எடுத்ததில் தொடை இறுகிக் கல்லானது.

முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில், பின்தங்கியவர்களை ஏற்றிப்போகும் பஸ் பக்கத்தில் வந்தது. படியில் அவருடைய நடத்துனரே நின்றிருந்தார்.

"ஏறுண்ணே. டிக்கெட் கேக்க மாட்டேன்."

"என் பொண்ணு நிக்கறாடா."

பஸ் கொஞ்ச தூரம் கூடவே ஊர்ந்துவிட்டுப் போனது.

வண்டிகள் வரத் தொடங்கியதும் நடைபாதையில் ஏறி நொண்டினார். போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. வரவேற்பு வளைவைக் காற்றிறக்கிச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மகள் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றிருந்தாள். போகவில்லை.

"ஏம்பா இவ்வளவு நேரம்?"

"சிக்னல்ல மாட்டிக்கிட்டேம்மா."

அவள் முகம் செத்துவிட்டது.

"அம்மா போன அன்னைக்கும் இதையேதான் சொன்னீங்க."

அப்படிச் சொன்னது அவருக்கு நினைவே இல்லை. சொல்லியிருப்பார். உண்மையும் அதுவாகத்தான் இருக்கும்.

அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வண்டியைக் கிளப்பினாள். ஏறுங்கள் என்று சொல்லவில்லை. போய்விடவும் இல்லை. பின்னால் உட்காரக் காலைத் தூக்கினார். முட்டி மடங்கவில்லை. அவள் திரும்பிப் பார்க்காமல் காத்திருந்தாள்.