தராசு அக்கா போட்ட ஒற்றை மேசைகள்

பள்ளிக்கூடங்களின் சாப்பாட்டைக் கவனிக்கும் எங்கள் பிரிவில் மொத்தம் ஐந்து பேர். நாங்கள் நாலு பேர் மதியம் ஜன்னலோரம் மேசைகளைச் சேர்த்துப் போட்டு டிபன் டப்பாவைத் திறந்தால், ஒரு மணி நேரத்துக்கு ஊர் வம்பு ஓடும். ஐந்தாவது ஆள் தராசு அக்கா. பீரோவுக்குப் பின்னால் இருக்கும் தன் மேசையில் பன்னிரண்டரைக்கே சாப்பிட்டு முடித்து, டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார். பதினொரு வருஷம் இப்படித்தான். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு தடவை கூப்பிட்டேன். “இருக்கட்டும்மா, நீங்க சாப்பிடுங்க” என்றார். அத்தோடு என் கடமை தீர்ந்தது என்று விட்டுவிட்டேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவையும் அம்மாவையும் கடைசிவரை பார்த்துக்கொண்டது அவர்தான். தம்பி வெளிநாட்டில். மாதம் ஒரு போன் வரும். பீரோவுக்குப் பின்னாலிருந்து எங்களுக்குக் கேட்கும். “சாப்டேன்டா. ம். நீ சாப்டியா? சரி, வெச்சிடறேன்.” அவ்வளவுதான் பேச்சு.

தராசு என்ற பெயர் வந்தது அவருடைய பையில் எப்போதும் கிடக்கும் தொங்கு தராசால். பள்ளிக்குப் போனால் மற்ற அதிகாரிகள் தலைமையாசிரியர் அறையில் டீ குடிப்பார்கள். இவர் நேரே கேன்டீனுக்குப் பின்பக்கம் போய், பிள்ளைகள் மிச்சம் வைத்ததைக் கொட்டும் வாளியைத் தராசில் மாட்டுவார். “என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டா பிள்ளைங்க பொய் சொல்லும். வாத்தியாருங்க அதுக்கு மேல சொல்லுவாங்க. வாளி சொல்லாது” என்பார்.

வகுப்பெடுப்பதிலும் கெட்டிக்காரர். சத்து, விட்டமின் என்று கரும்பலகையில் எழுதிக் கழுத்தறுக்க மாட்டார். ஆளுக்கு ஒரு கேரட் துண்டு கொடுத்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கடிக்கச் சொல்வார். தலைக்குள்ளே இடிபோல நொறுங்கும் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் பிள்ளைகள் இன்னொன்று கேட்கும். காய்கறியை எதிரியாகப் பார்த்த பிள்ளைகள்கூடக் கேட்கும்.

அவர் கடைசியாக எடுத்துக்கொண்டது ஆற்றுப்பாலம் தாண்டி இருக்கும் ஒரு பெரிய பள்ளி. அங்கே கேன்டீன் என்ற பெயரில் ஒரு பாக்கெட் வியாபாரி கடை போட்டிருந்தார். சிப்ஸ், கலர் பானம், கிரீம் பன். வாரக்கணக்கில் மல்லுக்கு நின்று அவரைக் கிளப்பினார் அக்கா. வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் பழக்கூடை, துருப்பிடித்த குழாய்க்குப் பதிலாகப் புதுக் குழாயில் குடிதண்ணீர், தினமும் சூடாகச் சோறு, பருப்பு, இரண்டு காய், முட்டை. பள்ளிக் குழு ஒரு நிபந்தனை வைத்தது. மூன்று மாதம் பார்ப்பார்கள், சரிப்படாவிட்டால் பாக்கெட் வியாபாரி திரும்ப வருவார். அந்த மூன்றாம் மாதக் கடைசி நாள்தான் அக்கா ஓய்வு பெறும் நாளும்.

முதல் வாரம் வாளி பதினெட்டுக் கிலோ. இரண்டாம் மாதம் ஏழு. மூன்றாம் மாதத் தொடக்கத்தில் மூன்று கிலோ! அறிக்கையைத் தட்டச்சு செய்ய என்னிடம் கொண்டுவந்தபோது அக்காவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். குழுவிடம் கொடுக்கும் எடைக்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டுமென்று மேலிடம் கேட்டதால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

கேன்டீனைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நீள பெஞ்சுகள் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. பரீட்சை ஹாலில் போடும் ஒற்றை மேசைகள் வரிசையாக, ஒரே திசை பார்த்து. எதிர்ச்சுவரில் சத்துணவுப் படம், ‘பேசாமல் மென்று சாப்பிடு’ என்று ஒரு பலகை. பெஞ்சில் உட்கார்ந்தால் காயைப் பக்கத்துத் தட்டுக்குத் தள்ளுகிறார்கள், முட்டையை ஒருத்தனே மூன்று தின்கிறான் என்று அக்கா செய்த ஏற்பாடு. அவரவர் பங்கு அவரவர் வயிற்றுக்கு. காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாது.

வாளி இரண்டே முக்கால் கிலோ. நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது சமையல்காரம்மா சிரித்தார்.

“எப்டி மேடம் அதிகமா இருக்கும்? முன்னால நானூறு தட்டு கழுவினேன். இப்ப நூத்திப்பத்து கழுவினா பெரிசு.”

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை நாளும் மிச்சத்தை எடை போட்டாரே தவிர, தட்டை எண்ணவில்லை. ஊரையே எடை போட்ட ஆள் இதைக் கோட்டை விட்டுவிட்டார்.

மிச்சப் பிள்ளைகளைத் தேடிப் போனோம். சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் கும்பல் கும்பலாகத் தரையில் உட்கார்ந்து, வெளிக்கடைச் சிப்ஸைப் பிரித்துப் போட்டு, ஒரே கூச்சல், சிரிப்பு. எங்களைக் கண்டதும் பாதிப் பேர் ஓட்டம். ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் மட்டும் மாட்டிக்கொண்டாள்.

“சாப்பாடு பிடிக்கலையாம்மா?” என்றார் அக்கா.

“ஐயோ, நல்லாத்தான் இருக்கு மிஸ்.”

“அப்புறம் ஏன் வர்றதில்ல?”

அவள் காலால் மண்ணைக் கிளறினாள். “அங்க தனியா உக்காந்து சுவத்தப் பாத்துக்கிட்டே சாப்பிடணும். எனக்கு ஏதோ தப்பு பண்ணி வெளிய நிக்க வெச்ச மாதிரி இருக்கு மிஸ். அழுகையா வருது.”

அக்கா திரும்பி நடந்தார். கேட் வரைக்கும் வந்தபின் என்னைப் பார்க்காமலே சொன்னார். “நான் முப்பது வருஷமா அப்டித்தாம்மா சாப்பிடறேன். அது கஷ்டம்னு எனக்குத் தோணவே இல்லையே.”

பீரோவுக்குப் பின்னால் அவர் பார்த்துச் சாப்பிடுவதும் ஒரு சுவரைத்தான்.

ஆனால் வாயைத் திறந்தபோது வந்ததோ வேறு. “அக்கா, குழு கேக்கறது வாளி எடை மட்டும்தானே? அது ரெண்டே முக்கால்தான். தட்டு விஷயத்த நாமளா ஏன் சொல்லணும்? நீங்க நிம்மதியா ரிட்டையர் ஆகுங்க.”

“ஆகலாம். பிள்ளைங்க சைக்கிள் ஸ்டாண்டுலயே சாப்பிடும்” என்றார்.

வெள்ளிக்கிழமை குழு கூடியது. பாக்கெட் வியாபாரியும் மூக்கில் வியர்த்தாற்போல வந்து உட்கார்ந்திருந்தார். அக்கா எழுந்து, எடை சரி, ஆனால் சாப்பிடுகிற பிள்ளைகள் கால்வாசிதான், தப்பு என்னுடையது, மூன்று மாதம் முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறது, அதைக் கொடுங்கள் என்றார். நல்லவேளை, தலைமையாசிரியை கொஞ்சம் நியாயமான மனுஷி. பத்து நாள் கிடைத்தது.

அன்றைக்கே பெஞ்சுகளை இழுத்துப் போட்டோம். பலகையை அக்காவே ஸ்டூலில் ஏறிக் கழற்றினார். ரெட்டைச் சடையையும் அவள் கூட்டத்தையும் பிடித்து, எந்தெந்தப் பெஞ்சு எங்கே என்று முடிவு செய்யும் பொறுப்பை அவர்களிடமே விட்டார். முதல் நாள் நூற்றைம்பது தட்டு. நாலாம் நாள் இருநூற்றுத் தொண்ணூறு. கடைசிக்கு முந்தின நாள் முந்நூற்று எழுபது.

“வாளி ஒம்பது கிலோ ஆயிடுச்சே?” என்று, கடைசி நாள் காலை கூடிய குழுவில் ஒருவர் இழுத்தார்.

“சாப்பிட ஆள் வந்தா மிச்சமும் வரத்தான் செய்யும் சார்” என்றார் அக்கா. தட்டெண்ணிக்கையையும் மேசைமேல் வைத்தார். கேன்டீன் தப்பியது. பாக்கெட் வியாபாரி எழுந்து போனார்.

தலைமையாசிரியை, இன்றைக்குப் பிள்ளைகளோடு சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். “மிஸ், இங்க!” என்று ரெட்டைச் சடை நகர்ந்து இடம் விட்டாள். அக்கா ஒடுங்கி உட்கார்ந்தார். நான் எதிர்ப்பக்கம்.

ஒரு பையன் ஏதோ கேட்டான். அக்கா வாயிலிருந்ததைப் பொறுமையாக மென்று விழுங்கிவிட்டுப் பதில் சொல்ல நிமிர்ந்தார். அதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. இன்னொரு தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை வெறுமனே சிரித்து வைத்தார். பத்து நிமிஷத்தில் அவர் தட்டு காலி. மற்றவர்கள் பாதிகூடத் தாண்டவில்லை. எழுந்திருப்பதா, இருப்பதா என்று தெரியாமல், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாரும் முடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஆபீஸ் வண்டியில் திரும்பும்போது, “நல்லா சாப்பிடறாங்க, இல்ல?” என்றார்.

“ஆமாக்கா.”

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள் என்று சொல்ல நினைத்தேன். நாக்கு நுனிவரை வந்தது. அன்றைக்கு வீட்டுக்காரரின் அண்ணன் குடும்பம் வருகிறது, வீடு சின்னது, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று ஏதேதோ கணக்குப் போட்டேன். அதற்குள் அவர் தெரு வந்துவிட்டது. இறங்கினார்.

“சரிக்கா, நாளைக்குப் பாப்போம்” என்றேன், பதினொரு வருஷப் பழக்கத்தில்.

அக்கா கதவைப் பிடித்தபடி ஒரு கணம் நின்றார். “சரிம்மா, பாப்போம்” என்று சொல்லி, சத்தம் வராமல் கதவைச் சாத்தினார்.

நாளையிலிருந்து அவர் வரப்போவதில்லை என்பது, வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது.