ஸ்பெயின்காரன் எங்கே போவான்?

அரசியல்வாதி எவனையும் நம்பாதவர் என்பதுதான் ஹெட்லி பெங்கெல்லிக்கு ஊரில் இருந்த மரியாதை. கார்ன்வால் கரையில், போர்ட்வீன் துறையில், நாற்பது வருஷமாக நண்டுக்கூண்டு போட்டவர். ஓட்டுக் கேட்டு வருகிறவனுக்கு வேண்டுமென்றே இரை நாறும் கையைத்தான் நீட்டுவார். முகம் சுளிக்காமல் திரும்பியவன் கிடையாது. அதனால் எந்த விஷயமானாலும் படகுக்காரர்கள் "ஹெட்லி என்ன சொல்றாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். அந்தப் பேரைத் தவிர மனுஷன் வேறெதையும் பெரிதாகச் சேர்த்து வைக்கவில்லை.

அதையும் ரூபர்ட் ஆஷ்கோம் வந்து வாரிக்கொண்டு போனான். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, வெளியேறுவதா என்று நாடே ஓட்டுப் போடப் போன 2016 ஜூனில், இந்த எம்.பி. மடிப்புக்கூடக் கலையாத புது மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு துறையில் வந்து நின்றான். நாறிய கையைப் பிடித்தான். பிடித்தவன் விடவே இல்லை, சிரித்துக்கொண்டே குலுக்கினான். நம்ம ஆள் கவிழ்ந்துவிட்டார். நாற்பது வருஷத்து வீராப்புக்கு விலை ஒரு கைகுலுக்கல். தூ!

அன்று மாலை மதுக்கடையில் ஊர் கூடியிருந்தது. "இவர் நம்ம ஆளு. இவருக்கு நான் பொறுப்பு. வெளியே வந்துடுவோம்," என்றார் ஹெட்லி.

அவருடைய தங்கை லவ்டே மட்டும் வாயைத் திறந்தாள். "ஏண்ணே, நாம பிடிக்கிற சிலந்தி நண்டு பூராவும் லாரியேறி ஸ்பெயினுக்குத்தானே போவுது? அவங்களோட உறவை அறுத்துக்கிட்டா யாருகிட்ட விக்கிறது?"

"போடி இவளே! ஸ்பெயின்காரன் எங்கே போவான்? நம்ம நண்டு இல்லாட்டி அவன் நாக்கு செத்துப்போயிடும். கெஞ்சிக்கிட்டு வருவான், பாத்துக்கிட்டே இரு."

கடையே கைதட்டியது. லவ்டேயின் புருஷன் க்ளெம் மேசையைத் தட்டிச் சிரித்தான். ஆஷ்கோம் மட்டும் தட்டவில்லை. சின்ன நோட்டை எடுத்து எதையோ குறித்துக்கொண்டான்.

இதில் கூத்து என்னவென்றால், போர்ட்வீனில் அந்த நண்டை எவனும் வாயில் வைக்கமாட்டான். ஹெட்லியின் அப்பா காலத்தில் கூண்டில் ஏறினால் அடித்து நொறுக்கிக் கடலில் எறிவார்கள். அதைத் தின்கிறவனை ஹெட்லி மனிதனாகவே மதித்ததில்லை. தாம் தின்னாததை விற்றுப் பிழைத்தவர்கள், தின்கிறவனோடு சங்காத்தமே வேண்டாம் என்று வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். ஜெயித்தும் விட்டார்கள். சர்ச் மணியெல்லாம் அடித்தார்கள்.

ஏற்றுமதி விதிகள் நிஜமாக மாற நாலரை வருஷம் ஆயிற்று. அடுத்த வசந்தத்தில் போன முதல் லாரி, ஏதோ ஒரு தாளில் ஒரு கையெழுத்து இல்லையென்று துறைமுகத்தில் இரண்டு நாள் நின்றது. உயிரோடு போய்ச் சேர்ந்தால்தான் நண்டு. அத்தனையும் செத்து நாறின. இரண்டாவது லாரிக்கும் அதே கதி. பிறகு ஸ்பெயின் வியாபாரி போன் செய்தான். "தப்பா நினைக்காதீங்க ஹெட்லி. இனிமே அயர்லாந்துல வாங்கிக்கிறேன்."

போக இடம் இருந்திருக்கிறது அவனுக்கு!

துறையில் ஹெட்லியைக் கண்டால் பேச்சு நின்றது. அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. பொறுக்கமாட்டாமல் ஒரு சனிக்கிழமை, ஊர் நூலகத்தில் ஆஷ்கோம் குறை கேட்கும் நேரத்தில், ஒரு வாளி செத்த நண்டோடு போய் நின்றார்.

"எங்கேய்யா ஸ்பெயின்காரன்? கெஞ்சிக்கிட்டு வருவான்னு சொன்னியே, எங்கே?"

ஆஷ்கோமுக்குக் கோபமே வரவில்லை. "மிஸ்டர் பெங்கெல்லி, நான் சொல்லலையே! அது உங்க வார்த்தை. என்ன அருமையான வார்த்தை! அம்பது கூட்டத்துல பேசியிருப்பேன். ஒவ்வொண்ணுலயும் 'அனுபவப்பட்ட மீனவர் ஒருத்தர் சொன்னார்'னு உங்களைச் சொல்லித்தான் முடிச்சேன்."

வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் நேராகத் தங்கை வீட்டுக்குப் போனார். அடுப்பில் ஏதோ வெந்துகொண்டிருந்தது. க்ளெம் மேசையில் உட்கார்ந்திருந்தான்.

"என்னண்ணே சொன்னான்?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தார். "அதைச் சொன்னது நான்தானாம்."

"நீதானே சொன்ன. நாங்க எல்லாம் கேட்டோமே." லவ்டே பானையிலிருந்து சிலந்தி நண்டு ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "இனிமே இதை நாமதான் தின்னாகணும். ஆரம்பி."

அறுபத்திரண்டு வயதில் ஹெட்லி முதல்முறையாக அதன் காலை ஒடித்து வாயில் வைத்தார். தித்தித்தது. பாழாய்ப்போன நண்டு அவ்வளவு ருசியாக இருந்தது. நிமிர்ந்து அதைக் க்ளெமிடம் சொல்ல வாயெடுத்தார்.

க்ளெம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையை நீட்டி, தானே ஒரு காலை ஒடித்து, தானே ருசி பார்த்துக்கொண்டிருந்தான்.