வசந்தா டீச்சரும் ஏகாதசி வெங்காயமும்

அந்த ஞாயிறு காலை மாமல்லபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் கணவர், பிப்ரவரியில் தாவரவியல் செய்முறைத் தேர்வுக்குப் போகவேண்டிய பிளஸ் டூ பிள்ளைகள் கலா, பாத்திமா, செல்வி. ஜன்னலோரத் தம்ளர்களில் வெங்காயங்கள் தண்ணீருக்குள் வேர் விட்டிருந்தன. மதுராந்தகத்திலிருந்து பஸ்ஸில் வரவேண்டிய வசந்தா டீச்சர் வரவில்லை. அவர் மருமகனின் போன் வந்தது. விடியற்காலையில் மாரடைப்பு, டீச்சர் போய்விட்டார்.

வேர் நுனியில் செல்கள் மும்முரமாகப் பிரிவது காலையில் என்பார் டீச்சர். செல்வி மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “ஆன்ட்டி, அப்போ இன்னிக்கு வேர வெட்றதா, வேணாமா?” என்றாள்.

“வெட்டு. இல்லன்னா அவங்களே எழுந்து வந்து திட்டுவாங்க” என்றார் என் கணவர். வெட்டினோம்.

டீச்சர் வேலை பார்த்த எங்கள் ஊர்ப் பள்ளியில் இருந்தது ஒரே நுண்ணோக்கி. பிள்ளைகளுக்கு முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். அதனால் ஓய்வு பெற்றதும் டீச்சர் சொந்தமாக ஒன்று வாங்கி, பள்ளிக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் வீட்டில் வைத்தார். முதல் நாளே வழக்கு. இன்று ஏகாதசி, வெங்காயம் வாசல் தாண்டாது என்றேன்.

“நீ இன்னா அத துன்னவா போற? வளக்கத்தானே போற. பெருமாள் ஒண்ணியும் சொல்ல மாட்டாரு” என்றார். வெங்காயம் உள்ளே வந்துவிட்டது.

ஒருமுறை குழாயில் உப்புத் தண்ணீர் வந்தது. டீச்சர் யாரையும் கேட்காமல், பூஜையறைத் தாமிரச் செம்பில் நாள்கணக்கில் ஊறிய தீர்த்தத்தைத் தம்ளர்களில் ஊற்றிவிட்டார். அடுத்த வாரம் வேர்கள் குச்சி முனைபோல நின்றன. நுண்ணோக்கியில் பிரிகிற செல் ஒன்றுகூட இல்லை. தீர்த்தத்துக்கா இந்த கதி என்று எனக்கு முகம் வாடிவிட்டது.

“மூஞ்சத் தூக்காத. பெருமாள் மேல தப்பில்ல, செம்பு மேல தப்பு. நமக்கு ஒத்துக்கினா வெங்காயத்துக்கும் ஒத்துக்கணுமா?” அதன்பின் ஆண்டுதோறும் ஒரு தம்ளரில் செம்புத் தண்ணீர் வைத்து, பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்.

சாயமேற்றிய நுனியின் மேல் மெல்லிய கண்ணாடியை வைத்து விரலால் நசுக்க வேண்டும். நான் நசுக்கியதில் கண்ணாடி உடைந்தது. “அப்பளமா இடுற? நேரா அமுக்கு, நவுத்தாத.” அடுத்த முறை சரியாக அமைந்தது. ஒரு செல்லுக்குள் சிவந்த இழைகள் இரு பக்கமாகப் பிரிந்து நின்றன. என்னையறியாமல் கைகூப்பினேன். “கும்புட்டுக்கோ. ஆனா கண்ண எடுக்காம கும்புடு” என்றார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். இப்போது கோயிலிலும் கண்ணை மூடுவதில்லை.

“பிரியறது நுனில, நீள்றது அதுக்கு மேல” என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் பிரிவில் எது எந்த நிலை என்று பிள்ளைகள் கேட்டால் எனக்குப் பாதிதான் தெரியும். பாதியை வைத்துத் தேர்வுக்கு அனுப்ப மனம் வரவில்லை. இதைப் படிக்கும் டீச்சரின் பழைய மாணவர்களில் இன்று தாவரவியல் நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். தேர்வு வரை ஞாயிறு காலைகளில் யாராவது வர முடியுமா? பஸ் செலவை வீட்டுக் கணக்கில் எழுதிக்கொள்கிறேன். முடியும், முடியாது, எதுவானாலும் இந்த வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள்.